மலைநாட்டுக்கு ஒரு பயணத்திட்டம்: முதல், கரு, உரி



பயணத்திட்டம் என்பது இலக்கிய மேடைக்குரிய பொருளா என்ற ஐயம் எழலாம். பயணச்சீட்டு, விடுதி, செலவுக் கணக்கு ஆகியவை பயண முகவரின் மேசைக்கு உரியவை என்பது பொதுவான எண்ணம். ஆயினும் தமிழ்க் கவிதை மரபு நிலத்தைப் பேசத் தொடங்கும்போதே மூன்று பொருள்களை வகுத்துக்கொள்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மக்கள், விலங்கு, தொழில், இசை, உணவு ஆகியவை கருப்பொருள். அந்நிலத்துக்குரிய மன ஒழுக்கம் உரிப்பொருள். இன்று அச்சிட்டு வழங்கப்படும் பயணத்திட்டங்களிலோ முதற்பொருள் மட்டுமே காணப்படுகிறது: இந்த நாள் இந்த ஊர், இந்த மணிக்கு இந்தச் சிகரம். கருவும் உரியும் இல்லாத பாட்டைக் கவிஞர் ஒருவரும் ஏற்கமாட்டார். பயணத்தில் மட்டும் அதனை ஏன் ஏற்கவேண்டும்? இவ்வினாவை ஐரோப்பாவின் மலைநாடு ஒன்றை முன்வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அந்நாடு சுவிட்சர்லாந்து.

முதற்பொருள்

சுவிட்சர்லாந்தின் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு ஆல்ப்ஸ் மலைப்பகுதி. மிக உயர்ந்த முடியான டூஃபூர் சிகரம் 4,634 மீட்டர். ரைன், ரோன் என்னும் இரு பேராறுகளும் இம்மலையில் பிறந்து, ஒன்று வடகடலையும் மற்றொன்று மத்தியதரைக் கடலையும் சேர்கின்றன. நாடு சிறியது, ஆகவே நான்கு நாளில் சுற்றிவிடலாம் என்று கருதுவது திட்டமிடுவோர் செய்யும் முதற்பிழை. சமவெளியில் செல்லும் அளவுகோல் மலையில் செல்லாது. வரைபடத்தில் விரல் அகலத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மூவாயிரம் மீட்டர் உயரச் சுவர் நிற்கும். அச்சுவருக்கு இப்புறம் ஒரு மொழி, அப்புறம் வேறொரு மொழி என்றும் இருக்கலாம்.

இடத்தைப் போலவே பொழுதும் முன்கூட்டி எண்ணத்தக்கது. ஃபுர்கா, கிரிம்செல் போன்ற உயர்ந்த கணவாய்ச் சாலைகள் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரையே திறந்திருக்கும். அருவி காண விரும்புவோர் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் செல்லவேண்டும். தெளிந்த வானும் குறைந்த கூட்டமும் வேண்டுவோர்க்குச் செப்டம்பர் ஏற்றது. பனிமூடிய ஊர்களைக் காண விரும்புவோர் சனவரி, பிப்ரவரியைத் தேர்ந்து, பகற்பொழுது குறுகியது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அலுவல் சார்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடன்று. நாணயமும் யூரோ அன்று, பிராங்க். ஆயினும் 2008ஆம் ஆண்டு முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் இணைந்துள்ளமையால் இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் ஷெங்கன் விசா பெறவேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்த இடைவெளியில் விண்ணப்பித்தல் ஆகாது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நாட்டினுள் செல்வதற்குத் தொடர்வண்டியே சிறந்தது. 1982 முதல் நாடு முழுவதும் ஒரே சீரான கால அட்டவணை நடைமுறையில் உள்ளது. ஒரு வண்டி மணிக்கு ஏழு நிமிடம் கடந்து புறப்படுமானால், அடுத்த மணியிலும் அதே ஏழாவது நிமிடத்தில் புறப்படும். வண்டியிலிருந்து இறங்குவோர்க்குப் பேருந்தும் படகும் காத்திருக்கும்படி நேரம் பொருத்தப்பட்டுள்ளது. யாப்பு அறிந்தவர்க்கு இந்த ஒழுங்கு எளிதில் பிடிபடும். அடி எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த அடி எழுகிறது. அயல்நாட்டுப் பயணிகளுக்கெனப் பல நாள் செல்லுபடியாகும் பயண அட்டையும், ஒரு மாதத்துக்குரிய அரைக்கட்டண அட்டையும் உண்டு. நாள்தோறும் ஊர் மாறுவோர்க்கு முன்னது சிக்கனம். ஓரிடத்தில் தங்கிச் சிற்றுலா செல்வோர்க்குப் பின்னது சிக்கனம். உணவு விடுதிகளில் விலை மிகுதி. ஆகவே சமையலறையுடன் கூடிய விடுமுறைக் குடியிருப்பை ஒரு வாரத்துக்கு அமர்த்துவது பணத்தைப் பாதியாக்கும்; அமைதியை இரட்டிப்பாக்கும். கடைகள் ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலும் அடைத்திருக்கும். ஊர்ச் சதுக்கங்களில் ஓடும் நீரூற்றுகளின் நீர், எச்சரிக்கைப் பலகை இல்லாத இடங்களில் குடிக்கத் தக்கது.

இதுவரை கூறியவை எந்தக் கையேட்டிலும் கிடைப்பவை. இனி வருபவையே கவிஞர்க்கு உரியவை.

கருப்பொருள்

மலையைக் காணச் செல்வோர் பலர் மலையில் வாழ்வோரைக் காண்பதில்லை. ஆல்ப்ஸின் உயிர்த்தொழில் மாடு மேய்த்தல். கோடை தொடங்கியதும் மாடுகள் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நிலப் புல்வெளிகளுக்கு ஏறுகின்றன. செப்டம்பரில், மலர் சூடி, கழுத்தில் பெருமணி ஒலிக்க ஊருக்கு இறங்குகின்றன. இடைப்பட்ட மாதங்களில் மேய்ப்போர் மேலேயே தங்கிப் பாலைப் பாலாடைக்கட்டியாக்குகின்றனர். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம்மேய்ச்சற் பருவத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. மாடு இறங்கும் நாள் ஊருக்கு ஊர் வேறுபடும். திட்டமிடுவோர் சிகரத்துக்குச் சீட்டு எடுக்குமுன் இந்நாளைக் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுதல் நலம்.

வாலே என்னும் தென்மேற்கு மாநிலத்தில் மழை குறைவு. அங்குள்ள உழவர்கள் பனியாற்று நீரைப் பாறைச் சரிவுகளில் மரத்தொட்டிகள் பொருத்தி, கிலோமீட்டர்க் கணக்கில் வயல்களுக்குக் கொண்டுவந்தனர். இவ்வாய்க்கால்களுள் சில இடைக்காலத்தைச் சேர்ந்தவை. முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கம் அங்கும் உண்டு. இன்று இவற்றின் ஓரம் நடைபாதையாகத் திகழ்கிறது. ஒரு நாள் இதில் நடப்பவர், நீரோடு ஒரே மட்டத்தில் நடந்து அந்நாட்டின் உழைப்பை அறிவார்.

உழைப்பின் மறுபக்கமும் உண்டு. யுங்ஃபிராவ் மலைத் தொடர்வண்டி 1896இல் தொடங்கி 1912இல் முடிக்கப்பட்டது. அதன் இறுதி நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோட்ஹார்டு சுரங்கப்பாதை 1872 முதல் 1882 வரை பத்தாண்டுகளில் குடையப்பட்டது. நீளம் 15 கிலோமீட்டர். இரண்டையும் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளர்கள். 1875இல் கோட்ஹார்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நால்வர் சுடப்பட்டு இறந்தனர். விபத்திலும் நோயிலும் மாண்டவர் பலர். சன்னலருகே அமர்ந்து ஒளிப்படம் எடுக்கும் பயணி, வண்டி இருளுக்குள் நுழையும் சில நிமிடங்களில் அவர்களை நினைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மொழியும் கருப்பொருளே. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரொமான்ஷ் என நான்கு மொழிகள் அங்கே நாட்டு மொழிகள். ரொமான்ஷ் மொழியை முதன்மை மொழியாகக் கொண்டோர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆயினும் 1938ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மை மொழியினர் வாக்களித்து அதனை நாட்டு மொழியாக ஏற்றனர். சிறு மொழியான அதற்குள்ளும் ஐந்து எழுத்து வழக்குகள். அவற்றுக்குப் பொதுவான எழுத்து மொழி 1982இல்தான் வகுக்கப்பட்டது. அதனை ஏற்பதா மறுப்பதா என்ற வாதம் பின்னரும் ஓயவில்லை. லூயிசா ஃபாமோஸ் போன்ற கவிஞர்கள் தம் பள்ளத்தாக்கின் வழக்கிலேயே எழுதினர். கிராபுண்டன் மாநிலத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு செல்வதும், ஒரு புத்தகக் கடையில் அம்மொழிக் கவிதை நூல் ஒன்றை வாங்குவதும் இவ்வட்டத்தாருக்குப் பொருந்தும் செலவு.

உரிப்பொருள்

ஆல்ப்ஸ் மலைக்குரிய உணர்வு எது? வியப்பு என்று உடனே விடை வரும். அவ்விடை இயல்பானதன்று, புலவர்கள் ஈட்டித் தந்தது. முற்காலத்தில் மலை அங்கே அச்சப்பொருளாகவே இருந்தது. லூசெர்ன் நகரை அடுத்த பிலாட்டுஸ் மலையில் ஆவி உறைவதாக நம்பி, ஏறுதலை நகர மன்றம் தடைசெய்திருந்தது. 1387இல் ஏற முயன்ற குருமார் அறுவர் தண்டிக்கப்பட்டனர். 1555இல் அறிஞர் கொன்ராட் கெஸ்னர் இசைவு பெற்று ஏறினார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஷோய்க்சர் என்ற அறிவியலார் மலையில் டிராகன்களைக் கண்டதாகக் கூறிய மக்களின் வாய்மொழிகளைத் தொகுத்தார். 1732இல் ஆல்பிரெக்ட் ஃபான் ஹால்லரின் ஆல்ப்ஸ் பற்றிய நெடும்பாடல் அச்சேறியது. 1761இல் ரூசோவின் புதினம், ஜெனீவா ஏரிக்கரையைக் காதலரின் நிலமாக்கியது. அதன்பின் ஐரோப்பா மலையை வேறு கண்ணால் பார்த்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1863இல், தாமஸ் குக் தம் முதற்குழுவை அங்கே அழைத்துச் சென்றார். இன்றைய கூட்டுச் சுற்றுலாவின் வேர் அங்கே உள்ளது. கவிஞர் கண்டது முதலில். முகவர் விற்றது பின்னர்.

இரண்டாம் உணர்வு பிரிவுத்துயர். ஏழை நாடாக இருந்த சுவிட்சர்லாந்து பல நூற்றாண்டுகள் தன் இளைஞரை அயல்நாட்டு மன்னர்களுக்குக் கூலிப்படையாக அனுப்பிற்று. ஊரை விட்டு அகன்ற அவர்கள் காரணம் அறியா நோயுற்று மெலிந்தனர். 1688இல் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அந்நோயை ஆராய்ந்து, கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து ஒரு பெயர் சூட்டினார். ஒரு சொல்லுக்கு வீடு திரும்புதல் என்றும், மற்றதற்கு வலி என்றும் பொருள். உலக மொழிகளில் இன்று வழங்கும் ‘நாஸ்டால்ஜியா’ அதுவே. மாடுகளை அழைக்கும் மேய்ப்பர் பாட்டைக் கேட்டால் வீரர்கள் அழுது படையை விட்டு ஓடுவர் என்பதால் அப்பாட்டைப் பாடத் தடை இருந்ததாக ரூசோ எழுதியுள்ளார்.

ஊர் நினைவின் வலிக்குப் பெயர் சூட்டிய அந்நாட்டுக்கு, 1983ஆம் ஆண்டின் இனக்கொடுமையைத் தொடர்ந்து ஈழத்தமிழர் அடைக்கலம் தேடிச் சென்றனர். உணவு விடுதிகளின் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவோராகப் பலர் வாழ்வைத் தொடங்கினர். இன்று அங்கு வாழும் இலங்கை வழியினர் 50,000 அளவினர் என மதிப்பிடப்படுகிறது, பெரும்பாலோர் தமிழர். அவர்களின் பிள்ளைகள் சுவிஸ்-ஜெர்மன் வழக்கைத் தாய்மொழிபோல் பேசி வளர்ந்தனர். பெர்ன் நகரில் 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில், பிற சமயங்களின் வழிபாட்டிடங்களோடு தமிழர் கோவிலும் ஒரே கூரையின்கீழ் உள்ளது. பனிச்சிகரத்தின் முன் நின்று படமெடுத்துத் திரும்பும் தமிழ்ப் பயணி, அச்சிகரத்தைச் சன்னல்வழியே நாள்தோறும் கண்டு, பனையை நினைத்து வாழ்ந்த தமிழரைக் காணாது திரும்புவாரானால், அத்திட்டத்தில் உரிப்பொருள் விடுபட்டது என்றே கொள்ளவேண்டும். பெர்ன் நகருக்கு ஒரு மாலைப்பொழுதேனும் ஒதுக்கத் தகும்.

மூன்றாவது உணர்வு இரங்கல். நெய்தலுக்கு உரிய அவ்வுணர்வு இன்று மலைமேல் ஏறியிருக்கிறது. சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ரோன் ஆறு பிறக்கும் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடையில் வெண்துணி போர்த்திக் காக்கின்றனர். 2019 செப்டம்பரில் பிட்சோல் என்னும் சிறு பனியாற்றுக்கு மக்கள் கருப்புடை அணிந்து ஏறி இறுதிச் சடங்கு செய்தனர். அலெச் பனியாற்றை அடுத்த ஃபீஷ் ஊரார், பனியாறு வளர்ந்து தம் வயல்களை விழுங்காதிருக்க வேண்டுமென்று பதினேழாம் நூற்றாண்டில் நேர்ந்துகொண்டு வழிபட்டு வந்தனர். 2010இல் போப்பாண்டவரின் இசைவு பெற்று அவ்வேண்டுதலை மாற்றினர்: பனியாறு தேயாதிருக்க வேண்டும் என்று. ஓர் ஊர் தன் வேண்டுதலைத் தலைகீழாக மாற்றிக்கொண்ட செய்தியைவிட அழுத்தமாக இக்காலத்தைக் கூறும் செய்தி அரிது.

இவ்விரங்கலை நேரில் உணர வேண்டுவோர் ராரோன் ஊருக்குச் செல்லலாம். அங்கே பாறைமீதுள்ள தேவாலயத்தின் மதிலோரம் கவிஞர் ரில்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1921 முதல் அருகிலுள்ள மூசோ என்னும் பழங்கோட்டை வீட்டில் வாழ்ந்து, 1922 பிப்ரவரியில், பத்தாண்டுகளாக முடியாதிருந்த இரங்கற்பா வரிசையைச் சில நாள்களில் முடித்தவர் அவர். ராரோனை அடுத்து வடக்கே பிரியும் லோட்சென் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்ற சிற்றூர் இருந்தது. 2025 மே 28 அன்று மேலிருந்த பிர்ச் பனியாறு பாறைகளோடு சரிந்து அவ்வூரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் புதைத்தது. மலையின் அசைவை அளந்துகொண்டிருந்த வல்லுநர்கள் முன்னறிவித்ததால், 300 அளவிலான மக்களும் அவர்களின் மாடுகளும் ஒன்பது நாள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். ஒருவர் மட்டும் உயிரிழந்தார். அப்பள்ளத்தாக்குக்குச் செல்வோர் துயரத்தை வேடிக்கை பார்க்கச் செல்லலாகாது. அனுமதிக்கப்பட்ட ஊர்களில் தங்கி, அங்குள்ள கடையில் ரொட்டி வாங்கி, கேட்டால் கேட்பதும் கேளாவிடில் வாளாவிருப்பதுமே விருந்தினரின் ஒழுக்கம்.

திட்டத்தின் வடிவம்

மூன்று பொருளும் அமைய, பன்னிரண்டு நாள் திட்டம் ஒன்றை வரையலாம். முதல் மூன்று நாள் லூசெர்ன். அதில் ஒரு நாள் படகில் ஊரி ஏரிப்பகுதி. அடுத்த மூன்று நாள் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. அங்கே 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவுப்பாக் அருவியைக் கண்டே கெதே 1779இல் மனித உயிரை நீரோடு ஒப்பிட்ட பாடலை இயற்றினார். யுங்ஃபிராவ் மலை வண்டிக்கு முன்பதிவு செய்து வானிலையோடு சூதாடாமல், காலையில் வானம் பார்த்துச் சீட்டு எடுப்பது அறிவு. அதன்பின் மூன்று நாள் வாலே மாநிலம்: வாய்க்கால் நடை, ராரோன், அலெச். பத்தாம் நாள் ஜெனீவா ஏரியும் சியோன் கோட்டையும். பதினோராம் நாள் பெர்ன். இத்திட்டத்தில் கிராபுண்டன் இடம்பெறாது. அதனை விரும்புவோர் வேறொன்றை விடவேண்டும். விடுதலும் திட்டமிடலின் ஒரு பகுதியே.

பன்னிரண்டாம் நாள்? அதனை வெறுமையாக விடவேண்டும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816ஆம் ஆண்டின் கோடை ஐரோப்பாவில் குளிர்ந்து மழையாய்ப் போயிற்று. அக்கோடையில் ஜெனீவா ஏரிக்கரைக்கு வந்த பைரனும் ஷெல்லியும் அவர்தம் தோழமையும் வீட்டினுள் அடைபட்டனர். பொழுது போகாமல் பேய்க்கதை புனைந்தனர். பதினெட்டு வயது மேரியின் கதை 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என வெளிவந்து நின்று நிலைத்தது. மழை இடையில் ஓய்ந்த சில நாள்களில் ஆண்கள் இருவரும் ரூசோவின் புதினத்தைக் கையில் கொண்டு ஏரியைச் சுற்றினர்; சியோன் கோட்டைச் சிறையைக் கண்டு பைரன் தம் சிறையாளிப் பாடலை எழுதினார். வெறுமையாய் விட்ட நாளில் மழை வந்தால் அது இழப்பாகாது.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். இவ்வவையில் உள்ளோருள் பலர்க்கு இப்பயணத்தின் செலவு எட்டாதது. அவர்கட்கு இவ்வுரையால் பயன் யாது? ஊரி ஏரியில் நீரிலிருந்து எழும் பாறை ஒன்றில், தெல் வீரனின் பாடகனுக்கு என்று பொன்னெழுத்தால் பொறித்து அப்பகுதி மக்கள் கவிஞர் ஷில்லருக்கு நினைவுச்சின்னம் அமைத்துள்ளனர். 1804இல் அரங்கேறிய அவரது ‘வில்லெம் தெல்’ நாடகம் சுவிஸ் மக்களின் விடுதலைக் கதையை அவர்களுக்கே திருப்பித் தந்தது. அந்த ஷில்லர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுவிட்சர்லாந்தில் கால் வைத்தவர் அல்லர். மூன்றுமுறை சென்றுவந்த நண்பர் கெதே சொல்லக் கேட்டார். பழைய வரலாற்றேடுகளைப் படித்தார். ஏரி எங்கே வளைகிறது, புயற்காற்று எப்பக்கமிருந்து வீசும், மேய்ப்பர் என்று மலையிறங்குவர் என்பவற்றை அறிந்தார். திட்டமிடுவோர் செய்யவேண்டியவை அனைத்தையும் செய்தார். பயணச்சீட்டு மட்டும் எடுக்கவில்லை.

ஆகவே, செல்ல வாய்ப்புள்ளோர் கருவும் உரியும் அறிந்து செல்க. பன்னிரண்டில் ஒரு நாளை வெறுமையாக விடுக. வாய்ப்பில்லாதோர் வரைபடத்தை விரித்து வைத்து, இதே உழைப்போடு திட்டம் தீட்டுக. சென்றுவந்தோர் இவ்வட்டத்தின் கூட்டமொன்றில் கெதேயைப்போல் எடுத்துரைக்கட்டும். கேட்டிருப்போருள் ஒருவர் ஷில்லரைப்போல் எழுதக்கூடும். அத்தகைய கூட்டங்கள் பல கண்டு இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டிலும் சிறக்க வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.